காவிரியை எதைக் கொண்டு அளப்பது?

காவிரியைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் எல்லோரும் உடனே டி.எம்.சி. கணக்கில் இறங்கிவிடுகிறோம். தேநீர்க் கடையில் நாளிதழைப் பிரிக்கும் பெரியவரும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவனும், மேடையில் முழங்கும் தலைவரும் இந்த ஒரு கணக்கில் கைதேர்ந்தவர்கள். கருநாடக எல்லையைக் கடந்து காவிரி தமிழகத்தில் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. அங்கே வந்து சேர வேண்டிய நீர் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டில் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் அதை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை கணக்கிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

வருகிற நீர் எவ்வளவு என்று இத்தனை நுட்பமாகக் கேட்கும் நாம், வருகிற நீரில் என்ன இருக்கிறது என்று அதே நுட்பத்தோடு கேட்கிறோமா? பிலிகுண்டுலுவைக் கடந்ததும் அந்த நீர் வந்து விழும் இடம் நம் ஒகேனக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குடங்களில் நிறைவதும் அந்த நீர்தான். ஆகவே இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான் என்பது என் கருத்து. அதிலும் குறிப்பாக, சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரோடு சேர்ந்து வரும் ஒரு வகை இரசாயனங்களை முறையாக அளக்க வேண்டும்; அளந்ததை மக்களுக்குச் சொல்ல வேண்டும். இதை வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காவிரியின் சுற்றுப் பயணம்

பெங்களூர் நகரம் குடிக்கும் நீரில் பெரும்பகுதி காவிரி நீரே. தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குக் குழாய்களில், மேட்டில் ஏற்றி அந்த நீரைக் கொண்டு போகிறார்கள். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரைக் கூடுதலாகத் தருவதற்கென அமைந்தது. ஒரு நகரத்துக்குள் போன நீரில் பெரும்பங்கு கழிவுநீராக வெளியே வந்தே தீரும். மேற்குப் பக்கம் வழியும் கழிவுநீர் விருஷபாவதி ஆற்றில் சேர்கிறது. பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்து நீரும் அந்த வழியில் கலக்கிறது. விருஷபாவதி பைரமங்கலம் ஏரியைக் கடந்து அர்க்காவதியில் சேர, அர்க்காவதி சங்கமம் என்னும் இடத்தில் காவிரியில் கலக்கிறது. பிறகு மேகதாது, பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர். கிழக்குப் பக்கம் வழியும் கழிவுநீர் தென்பெண்ணையாற்றில் சேர்ந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே நுரை பொங்கும் படங்களை நாளிதழ்களில் நாம் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பெங்களூர் காவிரி நீரை எடுக்கும் இடம் சங்கமத்துக்கு மேலே இருக்கிறது. கழிவுநீர் காவிரியில் வந்து சேரும் இடம் அதற்குக் கீழே இருக்கிறது. எடுத்தவர் அனுப்பியதை அந்த வழியில் மீண்டும் குடிக்க வேண்டியதில்லை. கீழே இருப்பவர்தாம் குடிக்க வேண்டும். இந்த இரண்டு ஆறுகளும் மாசுபடுவதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தை நாடியது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். வழக்கில் வெல்வதற்கும், வென்ற பிறகு நிலைமை திருந்தியதா என்று அறிவதற்கும் எண்கள் வேண்டும். அந்த எண்கள் எவை என்பதே நம் பேச்சு.

சுத்திகரிப்பு என்னும் சொல்

சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் என்று கேட்டவுடன் நம் மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டாகிறது. அந்தச் சொல்லின் பொருளைச் சற்று விசாரிப்போம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் முக்கியமாக மூன்று வேலைகளைச் செய்கிறது. மிதப்பதையும் மண்டியையும் பிரிக்கிறது. கரைந்துள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்களுக்கு உணவாக்கிக் குறைக்கிறது. கடைசியில் நோய்க் கிருமிகளைக் கொல்கிறது. இந்த வேலைகளை அளக்கவே நம் சட்டங்களும் இருக்கின்றன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட விதிகளின்படி வெளியேறும் நீரின் அமிலகாரத் தன்மை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திண்மம், மலக் கிருமிகளின் எண்ணிக்கை ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஆக்சிஜன் தேவை லிட்டருக்குப் பெருநகரங்களில் 20 மில்லிகிராமுக்கும், மற்ற இடங்களில் 30 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் இன்னும் கடுமையான அளவுகளை வேண்டியது.

இவை தேவையான சோதனைகள். இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஹார்மோன் என்ற சொல்லே கிடையாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்திலும் (10500 எண்ணுள்ள தரம், 2012) பூச்சிமருந்துகளும் கன உலோகங்களும் உண்டு. ஹார்மோன்களுக்கு வரம்பு இல்லை. தேர்வில் கேட்கப்பட்ட கேள்விகளுக்குச் சரியான விடை எழுதிய மாணவன் தேறிவிடுகிறான். கேட்கப்படாத பாடத்தில் அவன் எப்படி என்று யாருக்குத் தெரியும்? சுத்திகரிப்பு நிலையத்தின் நற்சான்றும் அப்படிப்பட்டதே.

குலைப்பிகள்

தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றத் துறை நண்பர்களுக்காகச் சில வரிகள். பிட்யூட்டரி, தைராய்டு, கணையம், விந்தகம், சூலகம் முதலியவை குழாய் எதுவுமின்றி நேரே இரத்தத்தில் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. வளர்ச்சி, பருவமடைதல், கருத்தரித்தல், உடல் வெப்பம் எல்லாம் இவற்றின் ஆணைப்படி நடக்கின்றன. அந்த ஆணை மிக மெல்லிய குரலில் இடப்படுகிறது. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நூறு கோடியில் ஒரு பங்கு கிராம் இருந்தாலே போதும், உயிரணு அதைக் கேட்டு நடக்கிறது.

வெளியிலிருந்து வரும் சில இரசாயனங்கள் இந்தக் குரலைப் போலப் பேசுகின்றன; அல்லது உண்மைக் குரல் கேட்காதபடி காதை அடைக்கின்றன. இவற்றைச் சுருக்கமாக ஹார்மோன் குலைப்பிகள் என்று சொல்லலாம். மனிதரும் கால்நடைகளும் சிறுநீரில் வெளியேற்றும் இயற்கை ஹார்மோன்களான ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரடயால். கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடயால். சலவைப் பொருள்களிலும் துணி ஆலைகளிலும் பயன்படும் பொருள் சிதைந்து உண்டாகும் நோனைல்பினால். பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பினால்-ஏ, தாலேட்டுகள் ஆகியவை இந்தக் கூட்டத்தில் முக்கியமானவை. 1991-இல் அமெரிக்காவில் தியோ கோல்போர்ன் அம்மையார் பல துறை விஞ்ஞானிகளை ஒன்று கூட்டிய பிறகே இந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயரும், தனி ஆராய்ச்சித் துறையும் உண்டாயின.

இவை மீன்களை என்ன செய்யும் என்பதை இங்கிலாந்து நமக்குக் காட்டியது. அங்கே சுத்திகரிப்பு நிலையங்களின் வெளிநீரில் கூண்டுகளில் ஆண் மீன்களை வைத்துப் பார்த்தார்கள். முட்டையின் மஞ்சள் கருவுக்கான வைட்டலோஜெனின் என்னும் புரதம் ஆண் மீன்களின் இரத்தத்தில் மிகுந்து காணப்பட்டது. 1994-இல் இது வெளியாயிற்று. 1998-இல் ஆறுகளில் இயல்பாக வாழும் மீன்களிலேயே ஆணின் விந்தகத்துக்குள் முட்டைச் செல்கள் பரவலாக இருப்பதைச் சூசன் ஜோப்ளிங், ஜான் சம்ப்டர் குழுவினர் அறிவித்தார்கள். கவனியுங்கள், அவை கழிவுநீர் அப்படியே கொட்டப்பட்ட ஆறுகள் அல்ல. சட்டப்படி சுத்திகரிக்கப்பட்ட நீர் ஓடிய ஆறுகள்.

கனடா நாட்டு விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய ஏரி ஒன்றில் 2001 முதல் 2003 வரை எத்தினைல் ஈஸ்ட்ரடயாலைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம் மட்டுமே. அந்த ஏரியின் சிறு மீன் இனம் ஒன்று அழியும் நிலைக்குப் போயிற்று. ஆனால் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்த மீன்கள் மீண்டும் பெருகின. கேடு எவ்வளவு சிறிய அளவில் வரும் என்பதோடு, நேரத்தில் நிறுத்தினால் மீட்சி உண்டு என்பதையும் அந்த ஏரி சொல்லிவிட்டது.

நானோகிராம் கணக்கு

நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்து இதைப் புரிந்து கொள்வோம். மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி. கொள்ளளவோடு விளிம்பு வரை நிரம்பி நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அத்தனை நீரிலும் லிட்டருக்கு ஒரு நானோகிராம் ஒரு பொருள் கலந்திருக்குமானால், அந்தப் பொருள் முழுவதையும் திரட்டினால் ஏறத்தாழ 2 கிலோ 650 கிராம் தேறும். ஒரு கைப்பையில் அடங்கிவிடும். கருத்தடை மாத்திரை ஒன்றில் உள்ள 30 மைக்ரோகிராம் ஹார்மோன், 6,000 லிட்டர் நீரைக் கனடா ஏரியின் அளவுக்குக் கொண்டு வரப் போதும். இதைச் சொல்வதால் மாத்திரை உண்ணும் பெண்களைப் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். எல்லா மனித உடலும், எல்லாத் தொழுவமும் இயற்கையாகவே ஹார்மோன்களை வெளியேற்றுகின்றன. குற்றம் உடலில் இல்லை. உடல் வெளியேற்றியதை ஆற்றில் சேர்க்கும் முறையில்தான் இருக்கிறது.

இவ்வளவு சிறிய அளவை எப்படி அளப்பது? வேதியியல் மாணவனுக்கு இது ஒரு சுவையான பாடம். முதலில் மாதிரி எடுப்பதே ஒரு கலை. பிளாஸ்டிக் புட்டியில் எடுத்தால் புட்டியின் பிஸ்பினாலும் தாலேட்டும் நீரில் இறங்கி நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி வேண்டும். காலை பத்து மணிக்கு ஒரு புட்டி எடுத்துவிட்டு அதுவே அன்றைய நீர் என்று சொல்ல முடியாது. நகரம் விழிக்கும் நேரம், துவைக்கும் நேரம், உறங்கும் நேரம் எல்லாம் கழிவுநீரில் எழுதப்பட்டிருக்கும். ஆதலால் 24 மணி நேரமும் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்க்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகம் கொண்டு போக வேண்டும். அங்கே ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, உறிஞ்சும் பொருள் அடைத்த சிறு குழல் வழியே செலுத்துவார்கள். குழலில் பிடிபட்டதைச் சிறிது கரைப்பானால் கழுவி எடுத்து ஒரு மில்லிலிட்டராகச் சுருக்குவார்கள். இப்போது பொருள் ஆயிரம் மடங்கு செறிந்துவிட்டது. அதை நிறப்பிரிகைக் கருவியில் பிரித்து, நிறை நிறமாலைமானியில் இனங்கண்டு அளப்பார்கள். தூய நீரையும் இதே வழியில் செலுத்தி, நம் கையும் கருவியும் எதையும் கலக்கவில்லை என்று உறுதி செய்வார்கள்.

இதற்குத் துணையாக இன்னொரு வழியும் உண்டு. மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவை ஈஸ்டில் புகுத்தி வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பொருள் எது வந்தாலும் அந்த ஈஸ்ட் நிறம் மாற்றிக் காட்டும். சம்ப்டரும் ரூட்லட்ஜும் 1996-இல் வெளியிட்ட இந்தச் சோதனை, 2018-இல் உலகத் தர நிர்ணயமாகவே ஏற்கப்பட்டது. பெயர் தெரியாத பொருள்களின் கூட்டு விளைவையும் இது சொல்லிவிடும். கூட்டு விளைவு மிக முக்கியம். லண்டன் விஞ்ஞானிகள் 2002-இல் எட்டு இரசாயனங்களை, தனித்தனியே பார்த்தால் விளைவு தெரியாத அளவில் எடுத்துக் கலந்தார்கள். சேர்ந்தபோது விளைவு தெளிவாகத் தெரிந்தது.

சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலிலேயே அளக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம் கல்லீரல் ஹார்மோனைக் குளூக்குரானிக் அமிலத்தோடு பிணைத்து, வேலை செய்யாதபடி கட்டிப்போட்டுத்தான் சிறுநீரில் அனுப்புகிறது. சாக்கடையில் உள்ள பாக்டீரியாக்களின் நொதிகள் அந்தக் கட்டை அவிழ்த்து விடுகின்றன. கட்டுப்பட்டு வந்த ஹார்மோன் விடுதலை பெறுகிறது. அதுபோலவே சலவைப் பொருளின் பெரிய மூலக்கூறு சுத்திகரிப்புத் தொட்டியில் சிதையும்போதுதான் நோனைல்பினால் பிறக்கிறது. நல்ல முறையில் நடக்கும் நிலையம் இவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது; மோசமாக நடக்கும் நிலையமோ கட்டவிழ்த்து விடுவதோடு நின்றுவிடுகிறது. இரண்டு நிலையங்களின் நீரும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். வேறுபாட்டைச் சொல்ல அளவீடு ஒன்றே உண்டு.

நம் நாட்டில் நடந்தவை

இது ஏதோ சீமைக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளின் நீரில் டிரைக்ளோசான், பாராபென், வலிப்பு நோய் மருந்தான கார்பமசிப்பின் ஆகியவற்றை அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். 2014-இல் இந்த ஆறுகளில் பிஸ்பினால்-ஏ, நோனைல்பினால் முதலியவற்றையும், 2015-இல் காவிரியின் நீரிலும் வண்டலிலும் தாலேட்டுகளையும் அளந்து காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் லிஜி பிலிப் அம்மையாரின் குழு இரண்டு ஆண்டுகள் காவிரியைப் பின்தொடர்ந்து, வலி நிவாரணிகள், இரத்தக் கொதிப்பு மருந்துகள், கிருமிக்கொல்லிகள், காபியின் கஃபீன், கன உலோகங்கள் வரை ஆற்றில் இருப்பதை 2021-இல் அறிவித்தது. மழைக்காலம் முடிந்து நீர் குறையும் பருவத்தில் இவை மிகுகின்றன என்றும் அக்குழு கண்டது.

ஆகவே அளக்கும் அறிவும் ஆளும் தமிழகத்தில் இருக்கின்றன. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆய்வாளர் ஒருவர் மூன்றாண்டு திட்டம் பெற்று அளக்கிறார். திட்டம் முடிந்ததும் அளப்பது நின்றுவிடுகிறது. முடிவுகள் வெளிநாட்டு ஆங்கில இதழில் வெளியாகின்றன. பென்னாகரத்தில் அந்த நீரைக் குடிப்பவருக்கு அவை போய்ச் சேருவதில்லை. ஓர் ஆற்றின் நாடியைப் பத்தாண்டுக்கு ஒரு முறை பிடித்துப் பார்த்தால் போதுமா?

ஒகேனக்கலில் நீரின் அளவு மாறும் வேகத்தையும் நினைக்க வேண்டும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். வினாடிக்கு 1,000 கன அடி வீதம் நாள் முழுதும் நீர் வந்தால் அது ஏறத்தாழ 245 கோடி லிட்டர். கணக்குக்காக அதில் 50 கோடி லிட்டர் கழிவுநீர் என்று கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு கழிவுநீராகிறது. 40,000 கன அடி வரும் நாளில் அதே 50 கோடி லிட்டர் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகக் கரைந்து போகிறது. வெள்ளக் காலத்தில் ஒரு புட்டி எடுத்துவிட்டு ஆறு நலம் என்று சொல்வதும், கோடையில் ஒரு புட்டி எடுத்துவிட்டு ஆறு கெட்டது என்று சொல்வதும் ஒன்றுபோலத் தவறு. எல்லாப் பருவத்திலும் அளக்க வேண்டும்.

ஃபுளூரைடு கற்பித்த பாடம்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பாறை நிலத்துக் கிணறுகளின் நீர் தெளிவானது. நாற்றமில்லை, நிறமில்லை. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பெரியவர்களின் மூட்டுகள் இறுகின. அது தெய்வக் குற்றமுமன்று, குலக் குறையுமன்று. நீரில் உள்ள ஃபுளூரைடு என்று அறிய அளவீடு தேவைப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் 1937-லேயே கண்டறியப்பட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தோம். நடுவே கழிந்த 76 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் கறை படிந்த பல்லோடு பள்ளிக்குப் போயிருப்பார்கள்!

1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ஒரு நஞ்சிலிருந்து தப்பக் காவிரியிடம் வந்திருக்கிறோம். அந்தக் காவிரியில் வேறு என்ன வருகிறது என்று இன்னொரு 76 ஆண்டு கழித்தா கேட்பது? ஃபுளூரைடை மில்லிகிராமில் அளக்கிறோம். குலைப்பிகளை அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோகிராமில் அளக்க வேண்டும். வேறுபாடு அவ்வளவே. கேள்வி ஒன்றுதான்.

மறுப்புரைகளுக்கு விடை

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நேர்மையோடு பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிறு அளவால் குடிக்கும் மனிதருக்குக் கேடு வரும் என்று நிரூபிக்கப்பட்டதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடிநீரில் காணப்படும் மிகச் சிறு அளவு மருந்துப் பொருள்களால் மனிதருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே உலக சுகாதார நிறுவனம் 2012-இல் மதிப்பிட்டது. அதே காலத்தில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையோ, ஹார்மோன் குலைப்பிகள் உலகம் முழுவதும் கவனிக்க வேண்டிய பிரச்சினை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அஞ்சி ஓடவும் வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம் என்று தெரிகிறது. மேலும், முதலில் பாதிக்கப்படுவது இரண்டு குடம் நீர் குடிக்கும் மனிதனல்ல. நாள் முழுதும் அந்த நீரிலேயே மூச்சு விடும் மீன். காவிரிக்கே உரிய மகசீர் மீன், அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் பட்டியலிடப்பட்டது. அணைகளும் வெடி வைத்து மீன் பிடித்தலும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஏற்கெனவே நலிந்த இனத்துக்கு இன்னொரு சுமை சேருகிறதா என்று பார்ப்பது நம் கடமையல்லவா?

செலவு அதிகம் என்பார்கள். கருவியின் விலை கோடிகளில் இருப்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு குழாயடியிலும் அளக்கச் சொல்லவில்லை. நான்கைந்து இடங்கள், ஆண்டுக்கு நான்கு பருவங்கள், அடையாளத்துக்கு ஆறு பொருள்கள், முதல் சல்லடையாக ஈஸ்ட் சோதனை. கருவியுள்ள நிறுவனங்கள் மாநிலத்தில் இருக்கின்றன. 1,900 கோடி ரூபாய்த் திட்டத்தைக் காக்கும் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாதா?

மக்கள் பீதியடைவார்கள், பரிசல் ஓட்டிகளும் மீன் வறுத்து விற்கும் பெண்களும் எண்ணெய் தேய்த்து விடுவோரும் பிழைப்பை இழப்பார்கள் என்பார்கள். எனக்கு இந்த மறுப்பின்மேல் மதிப்பு உண்டு. ஏனெனில் இது எளியவர்களைப் பற்றிய கவலை. ஆயினும் வதந்தி வளர்வது எண் இல்லாத இடத்தில்தான். நுரை பொங்கும் ஒரு படம் கைப்பேசியில் பரவினால், அது எந்த ஆறு என்று கேட்காமலே பயணத்தை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பருவமும் அளந்து எழுதி வைத்த பலகை ஒன்று அருவிக்கரையில் இருந்தால், பரிசல்காரர் அதைச் சுட்டிக் காட்டிப் பேச முடியும். அளவு மிகக் குறைவாகவே இருக்கக்கூடும். வழியெல்லாம் வெயிலும் பாறையும் பாக்டீரியாவும் அவற்றைச் சிதைக்கின்றன அல்லவா? அப்படியிருந்தால் அந்த நல்ல செய்தியும் அளந்தால்தானே கிடைக்கும்!

இது கருநாடகத்தின் பாவம், அவர்கள் அளக்கட்டும் என்று சொல்வாரும் உண்டு. மேட்டூருக்குக் கீழே பவானி, ஈரோடு, பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் கழிவுநீர் எங்கே போகிறது? கரூரிலும் திருச்சியிலும் குடிப்பவருக்கு நாம் மேல்கரைக்காரர். நம் கையில் உள்ள அளவுகோலை நம் நீருக்கும் வைத்தால்தான் அடுத்தவரிடம் காட்டும்போது அதற்கு மதிப்பு இருக்கும்.

செய்யத் தக்கவை

மற்ற நாடுகள் அளந்ததால் செயலில் இறங்கின. சுவிட்சர்லாந்து 2016 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோன் அல்லது கிளர்வூட்டிய கரி கொண்டு மேலும் ஒரு கட்டத்தைச் சேர்த்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டம், பெரிய நிலையங்களில் 2045-க்குள் இத்தகைய நான்காம் கட்டம் வேண்டும் என்றதோடு, அதன் செலவில் பெரும்பங்கை மருந்து, அழகுப் பொருள் உற்பத்தியாளர்களே ஏற்க வேண்டும் என்றும் விதித்தது. நாம் இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முதற்படியாக மூன்று செய்தால் போதும்.

ஒன்று: பிலிகுண்டுலு, ஒகேனக்கலில் குடிநீர் எடுக்கும் இடம், மேட்டூர் நீர்த்தேக்கம் ஆகிய இடங்களில் பருவத்துக்கு ஒரு முறை குலைப்பிகளை அளக்கும் நிலையான ஏற்பாட்டை மாசுக் கட்டுப்பாடு வாரியமும் குடிநீர் வடிகால் வாரியமும் சேர்ந்து செய்ய வேண்டும். இரண்டு: சங்கமத்திலும், காவிரியில் கலக்கும் எல்லாச் சுத்திகரிப்பு நிலையங்களின் வாயிலிலும் இரு மாநிலங்களும் ஒரே முறையில் அளந்து, எண்களைப் பரிமாறிக் கொள்ள வேண்டும். நீர்ப் பங்கீட்டுக்கு ஆணையம் கண்டவர்கள், நீரின் தன்மைக்கும் ஒரு மேசையில் உட்காரலாம். மூன்று: முடிவுகளை எளிய தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இதில் நமக்கென்ன வேலை என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். நம்மைப் போன்ற கலைக் கல்லூரிகளில் கோடி ரூபாய்க் கருவி இருக்க நியாயமில்லை. ஆனால் நானோகிராம் கணக்கு கருவியில் தொடங்குவதில்லை, புட்டியில் தொடங்குகிறது. பழுப்புப் புட்டியைக் கழுவிக் கொண்டு போய், நேரம் தவறாமல் மாதிரி எடுத்து, நீரின் வெப்பமும் மின்கடத்தும் திறனும் கரைந்துள்ள ஆக்சிஜனும் அளந்து குறித்து, பனிக்கட்டியில் வைத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேதியியல் மாணவர்களால் முடியும். எந்த மீன் எந்தப் பருவத்தில் வருகிறது என்று பரிசல்காரர்களிடமும் மீனவர்களிடமும் கேட்டு எழுதி வைக்க விலங்கியல் மாணவர்களால் முடியும். எண்களை வரைபடமாக்கக் கணித மாணவர்களும், அதை ஊர் புரியும் தமிழில் சொல்லத் தமிழ்த்துறை மாணவர்களும் இருக்கிறார்கள். ஒரு வகுப்பு போனால் அடுத்த வகுப்பு வரும். மூன்றாண்டு திட்டத்தால் முடியாத தொடர்ச்சி ஒரு கல்லூரியால் முடியும். பேராசிரியப் பெருமக்கள் இதை ஆண்டுதோறும் நடக்கும் களப்பணியாக ஏற்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

பிலிகுண்டுலுவில் நீரின் உயரத்தைக் குறிக்கும் ஊழியர் ஒரு நாளும் தவறுவதில்லை. அவர் எழுதும் எண்ணை நம்பியே டெல்டாவின் நாற்றங்கால்கள் காத்திருக்கின்றன. அந்த ஏட்டில் இன்னும் சில பத்திகள் சேர வேண்டும். கன அடிக்குப் பக்கத்தில் நானோகிராமும் எழுதப்படும் நாளில்தான் காவிரியை முழுமையாக அளந்தவர்கள் ஆவோம்.